விதைநெல் போன்றது வீட்டு முயல்

அறுவடை முடிந்ததும் உழவர் வீடுகளில் முதலில் செய்யும் வேலை விதைநெல்லை ஒதுக்கி வைப்பதாகும். வயலின் எந்தப் பகுதியில் கதிர் நன்கு முற்றிப் பதரின்றி விளைந்ததோ, அந்த நெல்லையே விதைக்காக எடுத்துக் கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அதைக் குற்றிச் சமைத்தால் இன்றைய பசி தீரும். அடுத்த ஆண்டின் வயல் தரிசாகும்.

இறைச்சிக்காக முயல் வளர்க்கும் வீடுகளிலோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஓர் ஈற்றில் எந்தக் குட்டி விரைவில் வளர்ந்து எடை போடுகிறதோ அதுவே முதலில் விலைபோகிறது, அல்லது முதலில் குழம்பாகிறது. மெலிந்ததும் பிந்தி வளர்ந்ததும் கூண்டில் தங்கிவிடுகின்றன. பிறகு அவையே அடுத்த தலைமுறைக்குத் தாயும் தந்தையும் ஆகின்றன. வேகமாக வளரும் இயல்பு ஓரளவு பெற்றோரிடமிருந்தே குட்டிகளுக்கு வருவதால், இப்படி மூன்று நான்கு தலைமுறை கடந்தால் குட்டிகள் சிறுத்துப் போகின்றன. "முயல் வளர்ப்பு நட்டம்" என்று சொல்லிக் கூண்டைப் பிரித்து விறகாக்கிவிடுகிறோம். நட்டம் முயலால் வந்ததன்று. விதைநெல்லைத் தின்றதால் வந்தது.

எனவே எந்த முயலை இனப்பெருக்கத்திற்கு நிறுத்துவது என்பதை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

1. வீட்டு முயலும் காட்டு முயலும்

முதலில் ஒரு தெளிவு வேண்டும். நம் ஊர்க் காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடுகின்ற முயல் வேறு, கூண்டில் வளர்க்கும் முயல் வேறு. காட்டு முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் மயிருடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் வளை தோண்டி வாழ்ந்தவை. அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் மூடியே பிறக்கின்றன. இவ்விரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை. மேலும், காட்டு முயல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படுவதால் அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். நாம் பேசுவது வீட்டு முயலைப் பற்றியே.

இறைச்சிக்காக நம் நாட்டில் வளர்க்கப்படுபவற்றுள் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட், சாம்பல் ஜெயண்ட், நியூசிலாந்து வெள்ளை ஆகியவை முக்கியமானவை. நியூசிலாந்து வெள்ளை என்பது பெயரளவில் மட்டுமே நியூசிலாந்து. அது உருவானது அமெரிக்காவில். நம் மாநிலத்தில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் உள்ளது. உதகையை அடுத்த சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தகைய இடங்களில் முயல்களின் பெற்றோர் யார் என்பதற்கு ஏடு உண்டு. சந்தையில் கூடையில் வைத்து விற்கும் முயலுக்கு அது கிடையாது. அழகிய முயல் சந்தையிலும் கிடைக்கும். ஆனால் நமக்கு வேண்டியது அழகு அன்று, வரலாறு.

2. கையில் எடுத்துப் பார்த்தல்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கையால் தோள்பட்டைக்கு மேலுள்ள தளர்ந்த தோலைப் பற்றி, மறு கையால் பின்புறத்தைத் தாங்கி எடுக்க வேண்டும். பின்பு தலையிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பல்: உதட்டைச் சற்று விலக்கினால் முன்பற்கள் தெரியும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று வெளியே நின்று ஒன்றோடொன்று உரச வேண்டும். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. உரசித் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும். பொருத்தம் தவறினால் யானைத் தந்தம்போல் வளைந்து வளர்ந்து, தீவனம் முன்னே இருந்தும் முயல் பட்டினி கிடக்கும். கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல் உடைவதாலும் இது நேரலாம். ஆயினும் இளங்குட்டியில் காணப்பட்டால் பரம்பரைக் குறை என்றே கொள்ள வேண்டும்.

மூக்கும் முன்னங்காலும்: சளி பிடித்த முயல் முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கும். எனவே மூக்கு உலர்ந்திருந்தாலும் முன்னங்காலின் உட்புறத்து மயிர் ஒட்டிச் சடை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கை விற்பவர் துடைத்துவிடலாம், காலை மறந்துவிடுவார். இந்நோய் கூண்டு கூண்டாகப் பரவக்கூடியது.

காதும் பாதமும்: காதின் உள்ளே தவிட்டு நிறப் பொருக்கு இருந்தால் அது உண்ணிச் சொறி. மூக்கு நுனியிலும் நகக்கண்ணிலும் வெண்பொருக்கு இருந்தால் அதுவும் சொறியே. பின்னங்காலின் அடியில் மயிர் அடர்த்தியாக இருக்க வேண்டும். மயிர் உதிர்ந்து புண்ணானவை கம்பி வலைமேல் நெடுநாள் நிற்க மாட்டா.

முதுகு: உள்ளங்கையால் தோளிலிருந்து வால்வரை தடவ வேண்டும். இறைச்சி மிகுதியாக இருப்பது இடுப்பிலும் பின்தொடையிலுமே. அங்கு அகலமும் திண்மையும் வேண்டும். முதுகெலும்பு கத்திபோல் கையில் உறுத்தக் கூடாது. அதே வேளையில் கொழுத்த முயலும் வேண்டாம். கொழுப்பேறிய பெண் முயல் எளிதில் சினை பிடிப்பதில்லை.

காம்பும் விதையும்: பெண் முயலுக்குக் குறைந்தது 8 காம்புகள், குருடு ஒன்றுமின்றி இருக்க வேண்டும். ஆண் முயலுக்கு இரண்டு விதைகளும் இறங்கியிருக்க வேண்டும். ஒன்றே தெரிந்தால் அது விலக்கத்தக்கது.

3. தாயின் கணக்கு

"தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்" என்பது பழமொழி. பெண் பார்க்கப் போகிறவர்களுக்காகச் சொல்லப்பட்ட இந்தப் பழமொழி, உண்மையில் முயல் பார்க்கப் போகிறவர்களுக்கே மிகப் பொருத்தமானது. மூன்று மாதக் குட்டியைப் பார்த்து அது நல்ல தாயாகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதன் தாயின் கணக்கைப் பார்த்தே சொல்ல முடியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். நம் வீட்டில் இரண்டு தாய் முயல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தாய் மூன்று ஈற்றுகளில் முறையே 10, 9, 4 குட்டிகள் ஈன்றது. அவற்றுள் பால் மறக்கும்வரை பிழைத்தவை 4, 5, 2. இரண்டாம் தாய் 7, 6, 7 குட்டிகள் ஈன்றது. பிழைத்தவை 6, 6, 7. பன்னிரண்டு வாரத்தில் நிறுத்துப் பார்த்தால், முதல் தாயின் குட்டி சராசரி 2 கிலோ 200 கிராம். இரண்டாம் தாயின் குட்டி 1 கிலோ 900 கிராம். எந்தத் தாயின் மகளை நிறுத்துவது?

பத்துக் குட்டி ஈன்றது பெரிது என்று ஒருவர் சொல்வார். குட்டியின் எடையைக் காட்டி மற்றொருவரும் முதல் தாயையே சுட்டுவார். கணக்கோ வேறு விடை தருகிறது. முதல் தாய் ஈன்றவை 23, பிழைத்தவை 11. மொத்த எடை 24 கிலோ 200 கிராம். இரண்டாம் தாய் ஈன்றவை 20, பிழைத்தவை 19. மொத்த எடை 36 கிலோ 100 கிராம். ஏறத்தாழ 12 கிலோ வேறுபாடு! முதல் தாயின் குட்டிகள் எடை மிகுந்திருப்பதற்குக் காரணம், மடியில் பங்குக்கு வந்த உடன்பிறப்புகள் குறைவு என்பதே. இறந்த குட்டிகளின் பாலைக் குடித்து வளர்ந்த எடை அது.

எனவே ஈன்ற எண்ணிக்கையை விட வளர்த்து ஆளாக்கிய எண்ணிக்கையே முக்கியம். இதனோடு மூன்றாவது வாரத்தில் எல்லாக் குட்டிகளையும் சேர்த்து நிறுத்த எடையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதுவரை அவை பெரும்பாலும் தாய்ப்பாலையே நம்பியிருப்பதால், அந்த எடை தாயின் பால் வளத்தைக் காட்டும். தாய் முயல் நாளைக்கு ஒருமுறை, சில நிமிடங்களே பால் கொடுக்கும்; அதனால் பால் குறைந்தால் ஈடுசெய்ய வேறு வழியில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளரும் வேகம் பரம்பரையாக ஓரளவு வருவது போல, குட்டிகளின் எண்ணிக்கை அவ்வளவாக வருவதில்லை. தீவனம், வெப்பம், வயது, அமைதி ஆகியவை எண்ணிக்கையைப் பெரிதும் மாற்றுகின்றன. ஆகவே ஒரே ஈற்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூன்று ஈற்றாவது பார்க்க வேண்டும். முதல் ஈற்றில் தடுமாறிய தாய்க்கு இன்னொரு வாய்ப்பு அளிப்பது அறம் மட்டுமன்று, அறிவும் ஆகும். தண்ணீர் இல்லாமையாலும் நாய் பூனை கண்ட அச்சத்தாலும் தாய் தன் குட்டியையே கடித்துவிடுவதுண்டு. அக்குறைகளை நீக்கிய பின்னும் மீண்டும் அவ்வாறே செய்தால் அதன் மகள்களை நிறுத்த வேண்டாம்.

4. பொலி முயல் பாதிப் பண்ணை

நல்ல பராமரிப்பில் ஒரு பெண் முயல் ஆண்டுக்கு ஐந்து முறை ஈன்று, ஈற்றுக்கு ஆறு குட்டிகள் வளர்த்தால் 30 குட்டிகள் ஆகும். ஐந்து பெண் முயல்களுக்கு ஓர் ஆண் என்றால், அந்த ஆணுக்கு ஆண்டில் 150 குட்டிகள். ஒரு தாயின் குறை 30 குட்டிகளோடு நிற்கும். தந்தையின் குறை 150 குட்டிகளையும் தொடும். எனவே ஆண் முயலைத் தேர்ந்தெடுப்பதில் ஐந்து மடங்கு கவனம் வேண்டும்.

நல்ல தாய்க்குப் பிறந்த, ஏழெட்டு உடன்பிறப்புகளோடு போட்டியிட்டும் முந்தி வளர்ந்த ஆண் குட்டியே ஏற்றது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே நாளில் நிறுத்து ஒப்பிட வேண்டும். பத்து வாரக் குட்டியையும் பன்னிரண்டு வாரக் குட்டியையும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

சமவெளியில் வாழும் நம்மவர்க்கு வெப்பம் பெரிய சோதனை. முயலுக்கு வியர்வை பெரும்பாலும் இல்லை. காதுகளின் வழியாகவே சூட்டை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டி நீடித்தால் ஆண் முயலின் ஆண்மை தற்காலிகமாகக் குன்றும். மீள்வதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். ஆகவே மே மாதத்தில் சினை நிற்கவில்லை என்று பெண் முயலைக் கழித்துவிடக் கூடாது. மலையில் பிறந்த முயலைக் கோடையில் சமவெளிக்குக் கொண்டுவருவதும் நன்றன்று. நம் ஊர் வெயிலில், நம் ஊர் நிழலில் பிறந்து, நன்றாகத் தின்று வளர்ந்த குட்டியை நிறுத்துவது சிறந்தது.

பெண் முயலை 5 முதல் 6 மாதத்திலும், ஆண் முயலை 6 முதல் 7 மாதத்திலும் சேர்க்கலாம். பெண்ணையே ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாறாகச் செய்தால் பெண் முயல் தன் இடத்தைக் காக்கச் சண்டையிடும். சினைக்காலம் 30 முதல் 32 நாள்கள். இருபத்தெட்டாம் நாள் ஈனும் பெட்டியை வைக்க வேண்டும்.

5. கண்ணுக்குத் தெரியாத குறை

பல் பொருத்தமற்ற குட்டி ஒன்று பிறந்தால் அதை மட்டும் விலக்கினால் போதுமா? போதாது. ஏன் என்பதை நமக்குக் கற்பித்தவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. ஆகுஸ்தீனிய சபையைச் சேர்ந்த கிரிகோர் மெண்டல் புருனோ நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, தம் முடிவுகளை 1865இல் வாசித்தார். 1866இல் அவை அச்சாயின. அவர் 1884இல் இறக்கும்வரை உலகம் அவற்றின் அருமையை உணரவில்லை, 1900இல்தான் உணர்ந்தது.

மெண்டல் கண்ட விதி இது. ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு கூறும் தந்தையிடமிருந்து ஒரு கூறும் வருகின்றன. சில கூறுகள் மற்றதன் பின்னே மறைந்து நிற்கும். மறைந்த கூறுகள் இரண்டு சேரும்போதுதான் வெளியே தெரியும். முயலின் வெண்மை இத்தகையது: செங்கண் வெள்ளை முயல்கள் இரண்டைச் சேர்த்தால் குட்டிகள் யாவும் வெள்ளையே. ஆனால் நிறமுள்ள இரண்டு முயல்களுக்கு ஒரு வெள்ளைக்குட்டி பிறந்தால், பெற்றோர் இருவரிடமும் வெண்மை மறைந்திருந்தது என்பது பொருள்.

பற்குறையும் பெரும்பாலும் இவ்வாறு மறைந்து வருவது. மறைவாகச் சுமக்கும் தாயும் தந்தையும் சேர்ந்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்குக் குறை வெளிப்படும். குறையற்றதாகத் தோன்றும் மற்ற மூன்றில் இரண்டு அதை மறைவாகச் சுமக்கும். ஆகவே அந்த ஈற்றில் எதையும் விதைக்கு நிறுத்தக் கூடாது. அதே ஆணையும் பெண்ணையும் மீண்டும் சேர்க்கவும் கூடாது. அந்தக் குட்டிகள் இறைச்சிக்கு ஏற்றவையே. பரம்பரைக்கு ஏற்றவை அல்ல.

6. உறவு பார்த்தல்

பீசா நகரத்து லியோனார்டோ பிபோனாச்சி 1202இல் எழுதிய கணித நூலில் முயல் கணக்கு ஒன்று உண்டு. ஓர் இணை முயலில் தொடங்கி, ஒவ்வோர் இணையும் இரண்டாம் மாதம் முதல் மாதம் ஓர் இணையை ஈன்றால் ஓராண்டில் எத்தனை இணைகள்? விடை 377. கணக்கு அழகானது, ஆனால் அதில் எந்த முயலும் இறப்பதில்லை, உடன்பிறந்தவையே ஒன்றோடொன்று சேர்கின்றன. காகிதத்தில் அது நடக்கும். கூண்டில் நடந்தால் மறைந்த குறைகள் வெளிவந்து, குட்டிகள் குறைந்து, சாவு மிகும்.

வீட்டு வளர்ப்பில் இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டு ஆண்களையும் நான்கு அல்லது ஐந்து பெண்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஆணின் மகள்களை இரண்டாம் ஆணோடு மட்டுமே சேர்க்க வேண்டும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து ஊரில் முயல் வளர்ப்பவரோடு ஆண் முயலை மாற்றிக்கொள்ளலாம். புதிதாக வந்த முயலை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து, நோயில்லை என்று கண்ட பின்பே மற்றவற்றின் அருகில் கொண்டுவர வேண்டும்.

7. ஏடு

இவ்வளவும் நினைவில் நிற்காது. பள்ளியில் எழுதி மிஞ்சிய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு பக்கம்: அதன் எண், பெற்றோர், சேர்த்த நாள், ஈன்ற நாள், உயிரோடு பிறந்தவை, மூன்றாம் வார மொத்த எடை, பால் மறந்தவை, பன்னிரண்டாம் வார எடை, குறிப்பு. கூண்டின்மேல் ஓர் அட்டையில் எண்ணைத் தொங்கவிடலாம். இந்த வேலையை வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பெண்ணிடம் ஒப்படைப்பது பெற்றோருக்கு நமது வேண்டுகோள். கூட்டலும் சராசரியும் அவள் கையில் பயனுள்ள கருவிகளாகும். எந்த முயலை விற்பது என்று வீட்டில் பேச்சு எழும்போது அவளது சொல்லுக்கு ஆதாரமும் இருக்கும்.

8. கழிக்கப்படும் முயலுக்கு நம் கடமை

தேர்ந்தெடுத்தல் என்றால் சிலவற்றை விலக்குதல் என்பதும் அடங்கியது. பெயரிட்டு மடியில் வைத்து வளர்த்த முயலை விலக்குவது சிறுமியர்க்கு எளிதன்று. அந்த இரக்கம் குறையன்று. அதைக் கண்டு யாரும் நகைக்க வேண்டாம். கண்ணியில் அகப்பட்ட முயலை விடுவித்ததாகச் சொல்லப்படும் அசிசி நகரப் புனித பிரான்சிசை, 1979இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சுற்றுச்சூழல் காவலராக அறிவித்தார். உணவுக்காக வளர்த்தாலும், உயிரோடிருக்கும் நாள்வரை அதற்கு நிழலும் தண்ணீரும் தூய்மையும் தருவது நம் கடன். முடிவும் விரைவானதாக, வேதனை குறைந்ததாக இருக்க வேண்டும். நோயுற்ற முயலை நல்லதென்று சொல்லி மற்றவருக்கு விற்பதோ பாவமாகும்.

9. இந்த அளவுகோல் யாருக்கு?

இறுதியாக ஒன்று. முயலைத் தேர்ந்தெடுக்கும் இந்த அளவுகோலை மனிதர்மேல் வைக்க முயன்றவர்கள் வரலாற்றில் உண்டு. மனிதரையும் கால்நடைபோல் இனத்தேர்வு செய்யலாம் என்ற கொள்கைக்கு இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1883இல் பெயர் சூட்டினார். பல நாடுகளில் ஏழைகளும் ஊனமுற்றோரும் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாயினர். திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1930இல் இதைக் கண்டித்து எழுதினார். ஜெர்மனியில் நோயாளிகளும் மனவளர்ச்சி குன்றியோரும் கொல்லப்பட்டபோது, 1941இல் மூன்ஸ்டர் நகர ஆயர் வான் காலன் பிரசங்க மேடையில் நின்று வெளிப்படையாக எதிர்த்தார்.

முயலுக்கு எடையும் பல்லும் காம்பும் கணக்கு. மனிதப் பிறவிக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. பெண் பார்க்க வருகிறோம் என்று நிறத்தையும் உயரத்தையும் பெற்றோரின் பணத்தையும் அளப்பவர்கள், முயல் கூண்டின் முன் நிற்க வேண்டியவர்கள் வழிதவறி வந்துவிட்டார்கள் என்றே கொள்ளலாம். கூண்டின் முன் கணக்கும், மனிதர் முன் மரியாதையும் என்று இடமறிந்து பயன்படுத்துவதே நாம் கற்ற கல்வியின் பயன்.

நல்லதை விற்றுவிட்டு நலிந்ததை நிறுத்தும் வழக்கத்தை இவ்வாண்டே மாற்றுவோம். அடுத்த ஈற்றில் முந்தி வளர்ந்த ஒரு பெண் குட்டிக்கு விலை கேட்டு யார் வந்தாலும், "இது விதைக்கு" என்று சொல்லுவோம். 'முயல்' என்ற சொல்லுக்கே 'முயற்சி செய்' என்றும் பொருளல்லவா? முயல்வோம்.